இலக்கியம்: இல்லை

இயற்பியலில் ஏ ஒன்று.
வேதியியலில் பி மூன்று.
தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஓச்சேயின் கணினிக் கடையில்
ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்த மதியம்
சட்டம் என்ற கட்டத்தை அழுத்தினேன்.
சிவப்பில் வந்தது ஒரு வரி.
ஆங்கில இலக்கியம்: இல்லை.

"மருத்துவம் போடட்டுமா?
உன் பாடங்களுக்கு அது திறக்கும்.
மீன்வளம்கூடத் திறக்கும், ம்நேனா" என்றான் ஓச்சே.
எனக்குப் பின்னால் பதினொரு பேர்.
அவரவர் பள்ளிக்காலம் அவரவர் கையில்
பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது.

பதினாலு வயதில் எங்களைப் பிரித்தார்கள்.
கணக்கில் அறுபதுக்கு மேலே இந்த அறை,
கீழே அந்த அறை.
நான் வரிசையில் நின்றேன், அவ்வளவுதான்.
கையில் சோதனைக் குழாயைக் கொடுத்தார்கள்.
சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ
செத்துப்போன ராஜாவுக்காக வாய்விட்டு அழுதார்கள்.
நாங்கள் சிரித்துவிட்டு
உப்பு நிறம் மாறியதைக் குறித்துக்கொண்டோம்.

சட்டத்துக்கு எதற்கு இலக்கியம்?
வடாட்டா சந்தையில் பெருவள்ளிக் கிழங்கை
அடுக்கிக்கொண்டே அம்மாவும் அதையே கேட்டாள்.
நிலாவை நிலா என்றால் போதாதா?
அதை இன்னொன்றோடு ஒப்பிட்டால்தான்
கருப்பு அங்கி தைத்துத் தருவார்களா?

என்னிடம் பதில் இல்லை. பணம் மட்டும் கட்டினேன்.
தனித்தேர்வர், நவம்பர்.
அம்மாவின் கணக்கில் நாற்பது கிழங்கு.
பழைய வினாத்தாள் கட்டு ஒன்று வாங்கினேன்.
முன்பு வைத்திருந்தவன்
பென்சிலில் தப்புத் தப்பாய் விடை போட்டிருந்தான்.
அவனும் சட்டம்தான் கேட்டிருப்பானோ.

ஒரு நாடகம், இரண்டு நாவல், கொஞ்சம் கவிதைகள்.
அணிகளை உப்புகளைப் போலவே மனப்பாடம் செய்தேன்.
உயர்வு நவிற்சி.
இடக்கரடக்கல்: சொல்லக் கூசுவதை
வேறு சொல்லால் மூடுவது.
தற்குறிப்பேற்றம்: தானாக நடந்த ஒன்றின் மேல்
எழுதுகிறவன் தன் எண்ணத்தை ஏற்றிவைப்பது.

உதாரணம் ஒன்று எழுதுக என்றிருந்தது.

அலமாரியில் தெர்சூவின் காகிதம் இருந்தது.
என் அண்ணன். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன்.
பாலத்துச் சோதனைச் சாவடியில் பிடித்துப்போய்
ஆறாம் நாள் திருப்பித் தந்தார்கள்,
இடது கை தொங்க, கூடவே ஒரு நகல்.

'மேற்படி நபர் விசாரணைக்கு நன்கு ஒத்துழைத்தார்.'
இடக்கரடக்கல்.
'மாடிப்படியிலிருந்து தாமாகவே தவறி விழுந்தார்.'

ஆறு நாளும் சோறு கொண்டுபோனவள் நான்.
அந்த நிலையத்துக்கு மாடி கிடையாது.
தகரக் கூரை. வாசலில் ஒரே ஒரு படி,
அதுவும் பாதி செங்கல்.

விழுகிறவன் உள்ளங்கையை ஊன்றுவான்,
மணிக்கட்டு ஒடியும்.
இவனுக்கு ஒடிந்தது முன்கையின் நடுவில்.
தலையை மறைக்கத் தூக்கிய கை அப்படித்தான் ஒடியும்.
இது உயிரியல். இது எனக்கு முன்பே தெரியும்.
தெரிந்தும் இரண்டு வருஷம்
அந்தக் காகிதத்தை உண்மை மாதிரியே
மடித்து வைத்திருந்தேன்.

ஒருவன் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து,
இல்லாத மாடியைக் கட்டியிருக்கிறான்.
படிகளை வைத்திருக்கிறான். எத்தனை படி என்று சொல்லவில்லை.
சோம்பேறி எழுத்தாளன்.
'தாமாகவே' என்ற சொல்லைத்தான்
அவனால் தவிர்க்க முடியவில்லை.

நவம்பரில் தேர்வு மண்டபத்தில் மின்விசிறி நின்றது.
முதல் கேள்வி:
கீழ்க்காணும் வரிகளில் பேசுபவர் யார்?
எப்படித் தெரிகிறது?

பக்கத்து மேசைப் பெண் இரண்டு வரியில் முடித்துக்கொண்டாள்.
நான் கூடுதல் தாள் கேட்டேன்.
அண்ணனின் நகலில் அந்த இடத்தில்
ஒரு கையெழுத்து இருக்கிறது,
மழையில் ஓடிய மண்புழு போல,
வாசிக்கும்படி இல்லை.

முடிவு இன்னும் வரவில்லை.